பழைய சிநேகிதனுக்காகக் கணினியை நோண்டிய கதை இருந்தால் சொல்லுங்கள்

ஒற்றைக்கொம்பு:
கல்லூரியில் கூடவே திரிந்தவன். கடைசி வருடம் பேச்சு நின்றுபோனது, ஏன் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன். நலமா, பிள்ளைகள் எத்தனை, ஒன்றும் கிடையாது. "டேய், நம்ம பழைய ஃபைல் ஒண்ணு சிடியில கிடைச்சுது, திறந்தா ஒரே இங்கிலீஷ் குப்பையா வருது." முதல் வரியைப் படிடா என்றேன். "சின்ன டி, யூ, பெரிய டி." யோசிக்காமலே "வரவு" என்றேன். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்த பழைய எழுத்துரு. விரல் இன்னும் மறக்கவில்லை.

எழுத்துருவை இறக்கிப் போட்டாலே படித்துவிடலாம்தான், ஆனால் வாட்ஸப்பில் போடுகிற மாதிரி, எங்கேயும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு குறியீட்டில் வேண்டுமாம். ஃபைலை வாங்கி பைதான் நிரல்மொழியில் ஒரு மாற்றி எழுத உட்கார்ந்தேன், அவன் லைனிலேயே இருந்தான். பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் அடிப்போம், கொ என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் க முன்னால் வரவேண்டும். அதனால் கொ, கோ வகையறாவை முடித்துவிட்டுத்தான் கெ, கே பக்கம் போகணும், இல்லையென்றால் கால் மட்டும் அந்தரத்தில் தொங்கும். இதை விளக்கிக்கொண்டே அடித்தேன். "அப்ப கௌ?" என்று கேட்டான். லேபில் பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்கிற அதே குரல்.

கடைசியில் தமிழ் வந்தது. இறுதியாண்டுச் சுற்றுலாக் கணக்கு. பாமினியில் எண்கள் மட்டும் எண்களாகவே தெரியும் இல்லையா, ஆக 340 என்பது முதலிலிருந்தே ரெண்டு பேர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது, அதற்கு நேரே இருந்த பெயர் இப்போதுதான் தெரிந்தது. என் பெயர், பக்கத்தில் "பாக்கி". ரெண்டு பேரும் பேசவில்லை. "சரிடா, தேங்க்ஸ், பசங்க குரூப்ல போடணும்" என்று வைத்துவிட்டான். அந்த குரூப்பில் நான் இல்லை.

வடலி:
எங்களுக்கு அது 2006, யாழ்ப்பாணம். சிநேகிதன் கொழும்பிலிருந்து உபுண்டு 6.06 என்கிற லினக்ஸ் சிடி கொண்டுவந்திருந்தான், அந்த நாட்களில் கேட்டால் தபாலில் இலவசமாகவே அனுப்புவார்கள். மோடத்தைத் தவிர எல்லாம் வேலை செய்தது. வின்மோடம், பாதி வேலையை விண்டோஸ் மென்பொருளிடம் தள்ளிவிடுகிற வகை, லினக்ஸுக்கு அதன் ட்ரைவர் சிடியில் இல்லை. ட்ரைவர் தேட இணையம் வேண்டும், இணையத்துக்கு மோடம் வேண்டும். ஆகஸ்டில் சண்டையால் எங்கள் தரைவழியான ஏ9 பாதை பூட்டுப்பட்டது. கப்பலில் இடம் கிடைத்துப் போனவன்தான், பிறகு தொடர்பே இல்லை. போன வருடம் எங்கிருந்தோ முகநூலில் ஒரு செய்தி: "மோடம் வேலை செய்ததோ?" அந்தக் கணினி போன இடமே தெரியாது. "இன்னும் இல்லை" என்று போட்டேன்.

டாஸ்காலத்து ஆள்:
ஒற்றைக்கொம்பு, பைதான் எல்லாம் எதற்கு? பாமினியை யூனிகோடாக்கும் பக்கங்கள் இணையத்தில் எத்தனையோ வருடமாக இருக்கின்றன, ஒட்டினால் அரை நிமிடம். சரி, எழுதித்தான் தீருவேன் என்றால் இதைக் கேளுங்கள். முதலில் மூல ஃபைலுக்கு நகல் எடுங்கள். வேர்டில் திறந்து திருத்தவே திருத்தாதீர்கள், வாக்கியத்தின் முதல் எழுத்தை அதுவாகவே பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன எஃப் க, பெரிய எஃப் கு, கந்தசாமி குந்தசாமி ஆகிவிடுவார். நடுவில் நிஜமான ஆங்கிலம் இருந்தால் மாற்றி அதையும் கொத்து பரோட்டா போட்டுவிடும், எந்த எழுத்துரு என்று பார்த்துப் பார்த்துத்தான் மாற்றணும். அப்புறம் பழசெல்லாம் பாமினி என்று நினைக்காதீர்கள். தமிழ்நாடு அரசு 1999-ல் தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கு டாப், டாம் என்று தரம் வைத்தது, 2010-ல்தான் யூனிகோடுக்கு வந்தது. இடையில் திஸ்கி என்று இன்னொரு குறியீடு வேறு. ஒவ்வொன்றுக்கும் அட்டவணை தனி.

என் அனுபவமா? ரூம்மேட்டின் திஸ்கி கவிதைகளை முழுக்க மாற்றிக் கொடுத்தேன். படித்துவிட்டு "அப்படியே விட்டிருக்கலாம்டா" என்றான்.

மின்வெட்டு மாமா:
டாஸ்காலத்து ஆள், அரை நிமிடத்தில் முடிந்திருந்தால் அவன் "அப்ப கௌ?" என்று கேட்டிருப்பானா? மாற்றி எங்கே கிடைக்கும் என்று இங்கே யாரும் கேட்கவில்லையே. என் கதை அப்புறம். ஒற்றைக்கொம்பு, முதலில் அந்த 340-ஐ ஜிபேயில் தட்டிவிடுங்கள்.

டாஸ்காலத்து ஆள்:
வட்டியோடு.

ஒற்றைக்கொம்பு:
அடப் போங்கப்பா. அந்தக் காசை பஸ்ஸிலேயே கொடுத்தாயிற்று, கணக்கில் ஏற்றாமல் விட்டவன் அவன். நாங்கள் பேசாமல் போனதே அதில்தான், இதற்கு மேல் கேட்காதீர்கள். நேற்று இன்னொரு ஃபைல் அனுப்பியிருக்கிறான், இதுவும் "பாரேன்" என்று ஒரே வார்த்தையோடு. ஸ்ரீ வருகிற இடமெல்லாம் உடைகிறது. யாரிடமாவது சரியான பாமினி அட்டவணை இருந்தால் போடுங்கள், இன்றைக்கு ராத்திரி பத்துக்கு மேல் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.