அப்பாட 12 போர் துவக்கு கறள் பிடிச்சிட்டு, வீட்டில வச்சே துப்புரவாக்கலாமா?

வட்டைக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். அப்பாட பேரில லைசன்சோட 12 போர் அளவில ஒத்தக்குழல் துவக்கு ஒண்டு இருக்கு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால படுவான்கரைப் பக்கம் எங்கட வயல் வட்டையில பன்றிக் காவலுக்கு எடுத்தது. ஒவ்வொரு போகமும் முடிய அவரே துடைச்சு வைப்பார், இந்த முறை கண் ஒப்பரேசன் செஞ்சதால தொடவே இல்ல, மாரி மழை முழுக்க ரெக்சின் உறைக்குள்ளயே பூட்டுப்போட்ட அலுமாரியில கிடந்திட்டு. நேத்து உறையக் கழட்டினா குழலுக்கு வெளியால பொட்டுப் பொட்டா கறள், உள்ளுக்கு எப்பிடியெண்டு தெரியா. அம்மா தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லுறா, பக்கத்து வீட்டு அண்ணன் பைக்கில கழிச்ச ஒயில் காணும் எண்டுறார். வீடியோவில பாத்தா எல்லாம் பிஸ்டல்தான், மேல முன்னும் பின்னும் ஓடுற ஸ்லைட், தோட்டா அடுக்கிற மகசின் எண்டு போகுது, இதில அப்பிடி ஒண்டும் இல்லயே. என்ன செய்ற?

கொக்கட்டி மரத்தடி
தம்பி, எண்ணெய்க் கதைய விடுங்க, முதல்ல துவக்க முறிச்சு, அதாவது நடுவால மடிச்சுத் திறந்து, உள்ளுக்கு தோட்டா இல்லயெண்டு கண்ணால பாத்து விரலால தொட்டும் பாருங்க, தோட்டாப் பெட்டிய வேற அறைக்கு அனுப்புங்க, சின்னப் புள்ளையள் பக்கத்தில வேணாம். மறுகா குழலுக்குக் கீழ இருக்கிற முன்கட்டையக் கழட்டினா குழல் தனியா வந்திரும். அத வெளிச்சத்துக்கு நேர பிடிச்சு தோட்டா போடுற பக்கத்தால பாருங்க, கண்ணாடி வளையம் மாதிரி கடைசி வரைக்கும் தெரியணும். எங்கட வீட்டில ஒருக்கா அப்பிடிப் பாக்க ஒரே இருட்டு, தோட்டா வெளியால போற வாய்ப்பக்கத்தில வேட்டாளியன் குளவி மண்ணால கூடு கட்டிப்போட்டு இருந்தது. பாக்காம சுட்டிருந்தா குழல் வெடிச்சு இடது கையே போயிருக்கும். அதுக்குப் பிறகு நான் வட்டைக்குப் போகமுதல் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்.

துப்புரவு வேலை பெரிசா ஒண்டும் இல்ல. 12 போருக்கெண்டு செஞ்ச கம்பியும் வெண்கலத் தூரிகையும் எடுங்க, துவக்குக் கழுவுற சொல்வென்ட் இருந்தா அது, இல்லாட்டி மண்ணெண்ணெய் கொஞ்சம், வெளி விறாந்தையில வச்சு, நெருப்புக்குக் கிட்ட வேணாம். நனைச்சு பத்து நிமிசம் விட்டு தோட்டா போடுற பக்கத்தால தள்ளி வாய்ப்பக்கத்தால எடுங்க, மாறிச் செஞ்சா ஊத்தையெல்லாம் தோட்டா போடுற பக்கம் வந்து சேரும். ஈயமும் புகையும் வர வர துணி கறுத்துக்கொண்டே இருக்கும், வெள்ளைத்துணி வெள்ளையாவே வாற வரைக்கும் விடாதீங்க. மண்ணெண்ணெய் ஊத்தையக் கழட்டுமே தவிர கறளுக்குக் காவல் இல்ல, அதால நல்லாத் துடைச்சு காயவிட்டு கடைசியா தையல் மெசின் எண்ணெய் துணியில ரெண்டு சொட்டு விட்டு இழுங்க. தேங்காய் எண்ணெய் நாள் போகப் போக பிசினாகிரும், கழிச்ச ஒயிலுக்குள்ள அமிலமும் இரும்புத்தூளும் கிடக்கு, ரெண்டும் வேணாம்.

வெளிக் கறளுக்கு சேண்ட் பேப்பர் தொடவே வேணாம். அந்தக் கருநீலப் பூச்சுதான் இரும்புக்குச் சட்டை, அத உரிச்சா அடுத்த மாரிக்குள்ள குழல் முழுக்க சிவந்திரும். ஆக நைசான ஸ்டீல் வூல எண்ணெயில தோச்சு மெதுவா உரசுங்க.

ஓய்வுபெற்ற அங்கிள்
பிஸ்டல் வீடியோ பத்திக் கேட்டதால சொல்லுறன் மகன், வேலைக் காலத்தில 9 எம்எம் பிஸ்டல் கனகாலம் வச்சிருந்தனான். அதில வரிசை மாறினா உயிர் போகும். முதல்ல மகசினக் கழட்ட வேணும், பிறகுதான் ஸ்லைட இழுக்க வேணும். ஸ்லைட முதல்ல இழுத்தா ஒரு தோட்டா வெளியில விழும், ஆள் வெறுமையாகிட்டு எண்டு நினைப்பார், ஆனா மகசினில இருந்து அடுத்தது ஏறியிருக்கும். சில மாடல்ல ஸ்லைடக் கழட்டவே விசைய இழுக்க வேணும், அந்த நேரந்தான் கனபேர் சுவரையும் கையையும் சுட்டிருக்கிறாங்க. எண்ணெயும் அப்பிடித்தான், ஸ்லைட் ஓடுற தண்டவாளத்துக்கு பக்கத்துக்கு ஒரு சொட்டு காணும், கூட விட்டா தூசியும் புகையும் ஒட்டி அரைச்ச மா மாதிரி ஆகிரும், மகசினுக்கு உள்ளுக்கு எண்ணெயே விடக்கூடா, தோட்டாவில ஊறினா வெடிக்காமப் போகும்.

உங்கட துவக்குக்கு நான் சொல்லுறது உறையப் பத்தி. வாவிக்காத்து உப்புக்காத்து, ரெக்சின் உறை ஈரத்த உள்ளுக்கு அடைச்சு வைக்கும். உறையில்லாம, பூட்டுற அலுமாரிக்குள்ள, வாய் கீழ பாக்க நிப்பாட்டுங்க, அப்பதான் எண்ணெய் இறங்கி மரப்பிடிய ஊறவைக்காது. வெறுங்கையால குழலப் பிடிச்சா வியர்வை அடையாளத்திலயே கறள் வரும், துடைச்சிட்டு வையுங்க. வேலை முடிய சவர்க்காரம் போட்டுக் கையக் கழுவுங்க, ஈயம்.

இன்னொண்டு, லைசன்ஸ் அப்பாட பேரில எண்டா அப்பாவப் பக்கத்தில இருத்தி வச்சே செய்யுங்க, நீங்க தனிய வட்டைக்குக் கொண்டுபோக வேணாம். வருச முடிவுக்குள்ள புதுப்பிக்கவும் மறக்க வேணாம்.

வட்டைக்காரன்
ரெண்டு பேருக்கும் நன்றி. இண்டைக்குப் பின்னேரம் அப்பாவ விறாந்தைக் கதிரையில இருத்தி செஞ்சன், கண்ணுக்குக் கறுப்புக்கண்ணாடி போட்டபடி அவர் சொல்லச் சொல்ல. பதினேழு துணி போச்சு. கூடு ஒண்டும் இல்ல, வளையம் வடிவாத் தெரியுது, ஆனா வாயில இருந்து ஒரு சாண் உள்ளுக்கு ரெண்டு கறுத்தப் புள்ளி எவ்வளவு தேச்சும் போகுதில்ல, துணியும் அவடத்த லேசாக் கொழுவுது.

கொக்கட்டி மரத்தடி
துணி கொழுவுதெண்டா அது ஊத்தை இல்ல தம்பி, கறள் தின்ன குழி. இனித் தேய்க்க வேணாம், தேச்சா குழல்தான் மெலியும். எண்ணெய் இழுத்து வையுங்க, துவக்குத் திருத்த அனுமதி உள்ள ஆளிட்ட அப்பாவும் லைசன்சும் துவக்குமாப் போய்க் காட்டுங்க. அவர் பாத்துச் சொல்லுற வரைக்கும் ஒரு தோட்டாவும் போட வேணாம், பன்றிக்கு இந்தக் கிழமை தகரம் தட்டிக் காவல் இருக்கலாம்.