ஓடும் காரில் வீடியோ: இரைச்சலில் பேச்சு அமுங்குகிறது

கேள்வி:
கேமரா டாஷ்போர்டில் இருக்கிறது. ஓட்டியபடியே பேசுகிறேன். வேகம் 60-ஐத் தாண்டினால் டயர் சத்தம்தான் கேட்கிறது. எடிட்டிங்கில் சரிசெய்ய முடியுமா? சார்ஜரைச் செருகினால் 'ஙொய்'யென்று ஓர் ஒலி வேறு.

பதில் 1:
எடிட்டிங்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். இரைச்சல் அப்படியேதான் இருக்கும். காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே, சீட் பெல்ட் உரசாத பக்கமாக மாட்டுங்கள். பெல்ட்டிலேயே மாட்டினால் ஒவ்வொரு அசைவும் 'சரக் சரக்'கென்று பதிவாகும். ஸ்பாஞ்ச் உறை கட்டாயம். ஏசி காற்றை நெஞ்சுப் பக்கம் திருப்பாதீர்கள்.

பதில் 2:
ஆட்டோ கெயினை (பதிவு அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். நீங்கள் பேச்சை நிறுத்தும்போதெல்லாம் அது இரைச்சலைத் தூக்கிவிடும். உரக்கப் பேசும்போது ரெக்கார்டரின் ஒலி மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். அதில் லோ-கட் (அடித்தொனி ஒலிகளை வெட்டும் வசதி) இருந்தால் 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். டயர் உறுமலால் ஒலி உடைந்து பதிவாகிவிட்டால் பிறகு எந்த ஃபில்டரும் மீட்டுத்தராது. எல்லாவற்றையும் வண்டி நிற்கும்போதே செட் செய்துவிடுங்கள்.

பதில் 3:
அந்த 'ஙொய்' ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஏறி இறங்கினால் ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுழன்று காருக்கு மின்சாரம் தரும் கருவி) இரைச்சல்தான், சார்ஜர் வயர் வழியே நுழைகிறது. கேமராவைப் பவர் பேங்கில் இயக்கினால் நின்றுவிடும். எடிட்டிங்குக்கு: அதே சாலையில், அதே வேகத்தில், 20 விநாடி பேசாமல் பதிவுசெய்யுங்கள், நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு (மென்பொருளில் இரைச்சலைக் குறைப்பதற்கு) அதுதான் மாதிரி. 10 டெசிபலுக்கு மேல் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.