சீக்கோ 6105-8110 டைவர்: வாங்கலாமா?

முத்துக்குளி:
வணக்கம் நண்பர்களே. சீக்கோ 6105-8110 (கடலில் மூழ்குபவர்களுக்காகச் செய்த பழைய டைவர் வாட்ச்) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. "1970 மாடல், எல்லாமே ஒரிஜினல்" என்கிறார் விற்பவர். டயலில் "வாட்டர் 150மீ ப்ரூஃப்", பின்மூடியில் "ரெசிஸ்ட்". பின்மூடியில் இருக்கும் சீரியல் எண் 35-இல் தொடங்குகிறது. இருட்டில் ரேடியம் ரொம்ப நேரம் எரிகிறது. அவர் கேட்கும் விலைக்கு வாங்கலாமா? கட்டிக்கொண்டு கடலில் இறங்கலாமா?

பழையமுள்:
டயலும் பின்மூடியும் வேறு வேறு வாட்ச்சிலிருந்து வந்தவை. 8110 வந்தது 1970 முதல் 1977 வரை. தொடக்கத்தில் வந்தவற்றில்தான் "ப்ரூஃப்", அதற்குப் பிறகு "ரெசிஸ்ட்". சீரியலின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். ஆக 35 என்றால் 1973 மே. மாறிய சமயத்தில் இரண்டும் கலந்து வந்தன என்று வாதாடுவார்கள். 1973-க்கு அந்த வாதம் நிற்காது.

பின்மூடி திருகி மாட்டுவது, கழற்றி மாற்ற ஐந்து நிமிடம் போதும். அதனால் சீரியல் மூடியின் வயதைத்தான் சொல்லும், மற்ற பாகங்களுக்கு அது சாட்சி இல்லை. கேஸின் (வாட்ச்சின் உலோக உடல்) விளிம்பையும் பாருங்கள். மேல்புறத்துப் பிரஷ் கோடுகளும் பக்கவாட்டுப் பளபளப்பும் சந்திக்கும் இடம் கூர்மையாகத் தெரிய வேண்டும். பஃப் மெஷினில் கொடுத்துப் பாலிஷ் போட்ட கேஸில் அது மழுங்கி ஒன்றோடொன்று வழிந்திருக்கும். போன உலோகம் திரும்பாது, அதனால் எனக்கு டயலைவிடக் கேஸ்தான் முக்கியம்.

அலை21600:
எனக்கு உறுத்துவது அந்த ரேடியம்தான். 50 வருஷத்து லூம் (நீங்கள் ரேடியம் என்று சொல்லும் ஒளிரும் பூச்சு) டார்ச் அடித்தால் லேசாக மின்னி, அணைத்த சில நொடிகளில் மங்கிவிடும். ரொம்ப நேரம் எரிந்தால் புதிதாகப் பூசியது, இல்லையென்றால் டயலே புதுசு. 10 மடங்கு லென்ஸில் மணிக் குறிகளைப் பாருங்கள். ஒரிஜினலில் ஒவ்வொன்றும் தனியாகப் பதித்த உலோகச் சட்டம், அதற்குள் லூம். மறுபூச்சு சட்டத்தின் மேல் ஏறி வழிந்திருக்கும். முள்ளின் லூமும் டயலின் லூமும் ஒரே நிறத்தில் பழுத்திருக்க வேண்டும்.

வீடியோ ஒன்று கேளுங்கள். உள்ளே இருக்க வேண்டிய மூவ்மென்ட் (ஓட்டும் இயந்திரம்) 6105பி: 17 ஜுவல் (தேய்மானத்தைக் குறைக்கும் சிறு கற்கள்), மணிக்கு 21,600 அடி, அதாவது நொடி முள் நொடிக்கு 6 சிறு எட்டு. கிரவுனை (நேரம் திருத்தும் பக்கவாட்டுக் குமிழ்) இழுத்தால் நொடி முள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பழைய 6105ஏ-யாக இருக்கலாம். கிரவுனைச் சுற்றி இதற்குச் சாவி கொடுக்க முடியாது, ஆட்டித்தான் ஓட வைக்க வேண்டும். சாவி கொடுத்துக் காட்டினால் மூவ்மென்ட் வேறு. தேதியோடு கிழமையும் தெரிந்தால் அதுவும் வேறுதான். மூடியைத் திறந்த படமும் வேண்டும். கிரவுன் தண்டு நுழையும் இடத்தில் துரு இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

முத்துக்குளி:
கிரவுனில் "லாக்" என்று இருக்கிறது, பூட்டவும் செய்கிறது. அப்படியென்றால் தண்ணீருக்குத் தாங்கும்தானே?

பழையமுள்:
தாங்காது. இது திருகிப் பூட்டும் கிரவுன் இல்லை, அழுத்தித் திருப்புவது. அந்தப் பூட்டு கிரவுன் தானாகச் சுற்றாமல் பிடிக்கும், அவ்வளவுதான். தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம், அதாவது கேஸ்கெட். இத்தனை வருஷத்தில் அது கல்லாக இறுகியோ தார் போல இளகியோ இருக்கும். கிரவுன், கண்ணாடி, பின்மூடி மூன்றுக்கும் புதிது போட்டு, சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவி, முதலில் காற்றழுத்த மெஷினில் சோதிக்கச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீரில் சோதித்தால் கசிவு தெரியும்போது டயல் போயிருக்கும்.

பிறகு வாட்ச்சை 40–45 டிகிரிக்கு 10–20 நிமிடம் சூடாக்கி, கண்ணாடி மேல் அறை வெப்பத்துத் தண்ணீர் ஒரு சொட்டு. ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். உள்பக்கம் பனி படிந்தால் ஈரம் இருக்கிறது. இதெல்லாம் தேறினாலும் மழைக்கும் கை கழுவவும்தான் நான் நம்புவேன், கடலுக்கு இல்லை.

அலை21600:
இன்னொன்று. இதன் ஸ்ட்ராப் அகலம் 19 மி.மீ. 20-ஐத் திணித்தால் ஓரம் பிய்ந்து வரும். ஸ்ட்ராப்பை வாட்ச்சோடு பிடிக்கும் கம்பியான ஸ்பிரிங் பாரும் சீக்கோ டைவருக்கான தடித்ததாக இருக்கட்டும், சாதாரண ஒல்லி பார் அந்தத் துளையில் ஆடும், ஒருநாள் கழன்றே விடும்.

விலை விஷயம்: "ப்ரூஃப்" டயலுக்கென்று தனி விலை உண்டு, அதைத்தான் உங்களிடம் கேட்கிறார். கேஸ் கூர்மையாக இருந்து 6105பி நன்றாக ஓடினால், சேர்த்துக் கட்டிய வாட்ச் என்ற விலைக்குக் கேளுங்கள். இறங்காவிட்டால் விட்டுவிடுங்கள்.