ஒரே கணினியில் இரண்டு பேர்: இரண்டாவது கீபோர்டு மட்டும் ஆட்டத்துக்குள் போக மாட்டேன் என்கிறது

மாடிவீடு:
வணக்கம். வீட்டில் இருப்பது ஒரு கணினி, ஆடுவது நானும் தங்கையும். கூட்டமாக வரும் ஜோம்பிகளைச் சுடும் லெஃப்ட் 4 டெட் 2-ஐத் திரையைப் பிரித்து ஆட வேண்டும். கண்ட்ரோலர் (கையில் பிடித்து ஆடும் கருவி) கிடையாது. வாங்கினாலும் தங்கை தொட மாட்டாள், மவுஸில் குறிபார்த்தே பழகியவள்.

முதலில் ஒன்றும் தெரியாமல் இரண்டு மவுஸையும் சொருகினேன். திரையில் இருந்தது ஒரே அம்பு. நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம் இழுக்க, வடம் பிடித்த கதைதான். அப்புறம் ஒரே கணினியில் திரையைப் பிரித்து ஆட உதவும் நியூக்ளியஸ் கோ-ஆப் என்ற மென்பொருளைப் பற்றிப் படித்து இறக்கினேன். இப்போது ஆட்டம் இரண்டு ஜன்னலாகத் திறக்கிறது. மேல் பாதி என்னுடையது, அங்கே எல்லாம் சரி. கீழ்ப் பாதியில் தங்கையின் மவுஸ் திரும்புகிறது, சுடுகிறது. கீபோர்டு மட்டும் செத்துக் கிடக்கிறது. ஆள் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். அதே கீபோர்டை நோட்பேடில் தட்டினால் எழுத்து வருகிறது!

விண்டோஸ் 10, ரேம் 16 ஜிபி. இரண்டு கீபோர்டும் யூஎஸ்பி. என் மவுஸ் சாதாரணம், அவளுடையது பக்கவாட்டில் பட்டன் வைத்த கேமிங் மவுஸ். மூன்று நாளாக மண்டை காய்கிறது.

சைக்கிள்கடை:
எதற்கு இரண்டு கீபோர்டு? ஒன்றிலேயே ஒருவருக்கு இடப்பக்கம், இன்னொருவருக்கு அம்புக்குறிகள் என்று பிரித்துக்கொள்ளலாமே. நாங்கள் சின்ன வயதில் அப்படித்தான் ஆடினோம்.

மாடிவீடு:
கார் ஓட்டும் ஆட்டம் ஒன்றில் அதையும் செய்து பார்த்தோம். இருவரும் சேர்ந்து நாலு விசை அழுத்தினால் ஒன்று விழாது. யாருடையது விழவில்லை என்பதில் சண்டை. தவிர இது மவுஸில் ஆடும் ஆட்டம்.

கம்பிவலை:
விசை விழாமல் போவது கீபோர்டின் உள்கட்டமைப்பால். விலை குறைந்தவற்றில் விசைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரே கம்பி வலையில் கோத்திருப்பார்கள். சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எது என்று அதற்கே தெரியாமல் ஒன்றை விட்டுவிடும். எனவே இரண்டு கீபோர்டு வாங்கியது நல்ல முடிவுதான்.

இனி உங்கள் சிக்கல். எத்தனை மவுஸ் இருந்தாலும் விண்டோஸ் எல்லா அசைவையும் ஒரே அம்பில் கொட்டிவிடும். கீபோர்டுகளும் அப்படித்தான், எது அழுத்தினாலும் முன்னால் இருக்கும் ஜன்னலுக்குப் போகும். நோட்பேடில் எழுத்து வந்ததும் அதனால்தான், அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001-லிருந்தே ரா இன்புட் என்று ஒரு வழி இருக்கிறது. எந்தக் கருவியிலிருந்து எந்த அசைவு வந்தது என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நியூக்ளியஸும், அதே வேலைக்கான யுனிவர்சல் ஸ்பிளிட் ஸ்கிரீன் என்ற மென்பொருளும் செய்வது அதைத்தான்: ஆட்டத்தை இரண்டு பிரதியாக ஓட்டி, ஒவ்வொரு பிரதிக்கும் அதனதன் கருவியை மட்டும் காட்டி, "நீதான் முன்னால் இருக்கிறாய்" என்று இரண்டையும் நம்பவைப்பது.

மூன்று விஷயம் சொல்லுங்கள். நியூக்ளியஸை எந்தக் கோப்புறையில் வைத்திருக்கிறீர்கள்? புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே என்றால் வெளியே எடுத்து சி டிரைவின் முதல் மட்டத்தில் வையுங்கள். ஆட்டம் தொடங்கியதும் 'எண்ட்' விசையை அழுத்தி மவுஸ், கீபோர்டை ஆட்டத்தோடு பூட்டுகிறீர்களா? கருவிகளை ஒதுக்கும் திரையில் எத்தனை கீபோர்டு படம் தெரிகிறது?

மாடிவீடு:
டெஸ்க்டாப்பில் இருந்தது, நீங்கள் சொன்ன இடத்துக்கு மாற்றிவிட்டேன். பலன் இல்லை. எண்ட் அழுத்துகிறேன். கீபோர்டு படம்... இப்போதுதான் எண்ணினேன், மூன்று இருக்கிறது. எங்களிடம் இருப்பது இரண்டுதானே? கூடுதலாக ஒன்று ஏதோ பிழை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கம்பிவலை:
பிழை இல்லை, அந்த மூன்றாவதுதான் ஆசாமி. பக்கவாட்டு பட்டன் உள்ள கேமிங் மவுஸ்கள் பல, யூஎஸ்பியில் சொருகியதும் தன்னை மவுஸ் என்று மட்டும் சொல்லாது, கீபோர்டு என்றும் சேர்த்துச் சொல்லும். பட்டனுக்கு ஒரு விசையை ஒதுக்கினால் அனுப்புவதற்கு அந்த ஏற்பாடு. கீழ்ப் பாதிக்கு நீங்கள் இழுத்துப் போட்டது தங்கையின் மவுஸையும், அதே மவுஸின் 'கீபோர்டு'வையும் என்று சந்தேகிக்கிறேன். உண்மையான கீபோர்டு ஒதுக்கப்படாமல் ஓரமாக நிற்கிறது.

ஒதுக்கும் திரையில் அவளுடைய கீபோர்டில் ஏதாவது ஒரு விசையைத் தட்டுங்கள். எந்தப் படம் மின்னுகிறதோ அதை இழுத்து அவள் மவுஸ் இருக்கும் கட்டத்திலேயே போடுங்கள். மின்னாததைத் தொடாதீர்கள்.

பென்குயின்தாத்தா:
விண்டோஸ்தான் என்றில்லை. லினக்ஸில் திரையையும் மவுஸையும் கவனிக்கும் எக்ஸ் சர்வர் என்ற மென்பொருளின் 1.7 பதிப்பிலிருந்து, அதாவது 2009 முதல், ஒரே திரையில் இரண்டு அம்பு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆட்டங்கள் அதை மதிக்கும் என்று நம்பி இறங்காதீர்கள், நான் இறங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

மாடிவீடு:
நகர்கிறான்! கம்பிவலை அண்ணா சொன்னது அப்படியே சரி. கீபோர்டைத் தட்டியதும் ஓரத்தில் கிடந்த படம் மின்னியது. மவுஸின் பக்கவாட்டு பட்டனை அழுத்தினால் நான் ஒதுக்கியிருந்த 'கீபோர்டு' மின்னுகிறது. மூன்று நாளாகத் தங்கை அந்த ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் போதும், கண்டுபிடித்திருப்போம்.

கம்பிவலை:
நல்லது. ஆட்டத்தை விட்டு வெளியே வர மறுபடி எண்ட் அழுத்தினால் பூட்டு திறக்கும். இன்னொன்று: நியூக்ளியஸ் போன்ற மென்பொருள்கள் ஆட்டத்தின் உள்ளே புகுந்துதான் வேலை செய்கின்றன. ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் தடுப்பு மென்பொருள் ஓடும் இணைய சர்வர்களில் இதோடு நுழைந்தால் கணக்கு முடக்கப்படலாம். வீட்டுக்குள் இருவரும் ஆடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சைக்கிள்கடை:
இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறதே! 1996-இல் வந்த செட்லர்ஸ் 2-இல் இரண்டு மவுஸைச் சொருகித் திரையைப் பிரித்து ஆட ஆட்டத்துக்குள்ளேயே வசதி வைத்திருந்தார்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் ஓடிய ஆட்டம்.

கம்பிவலை:
டாஸில் ஆட்டமே நேராக மவுஸோடு பேசலாம், நடுவில் அம்பைக் கலக்க யாரும் இல்லை. இன்றைக்கும் ரா இன்புட் வழியே செய்யலாம், செய்பவர்கள்தான் குறைவு. ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை ஆட்டத்தில் 1.5 பதிப்பில் திரைப் பிரிப்பு வந்தது, அங்கேயும் இரண்டாம் ஆளுக்குக் கண்ட்ரோலர்தான் வேண்டும்.

மாடிவீடு:
கடைசியாக ஒன்று. இரண்டு பிரதி ஓடுவதால் கூட்டம் வரும்போது படம் திக்குகிறது.

கம்பிவலை:
ஒரே கிராபிக்ஸ் கார்டு இரண்டு ஆட்டத்தை வரைகிறது, பாவம். இரண்டு ஜன்னலிலும் நிழலையும் விளைவுகளையும் குறைத்து, நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) என்று வரம்பு வையுங்கள். அப்படியும் திக்கினால் பின்னால் திறந்து வைத்திருக்கும் பிரவுசரை மூடுங்கள்.

மாடிவீடு:
பிரவுசரில் இந்த இழைதான் திறந்திருக்கிறது. மூடுகிறேன். தங்கை இப்போது என்னைச் சுட்டுவிட்டு, பட்டன் தானாக அழுந்திவிட்டது என்கிறாள்.