ரேட் ஷீட் வெளிய போயிடுச்சு, லிங்க்க மாத்துனா போதுமா? அவசரம்

எம்சிரோடு_ஜவுளி:
தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். பழைய வண்ணாரப்பேட்டைல சேலை மொத்த வியாபாரம், அப்பா காலத்து கடை. நேத்து ஒரு பார்ட்டி போன் பண்ணி "சூரத்லேர்ந்து உங்களுக்கு 212க்கு எறங்குது, எங்கிட்ட மட்டும் 285 வாங்குறீங்களே"ன்றார். அந்த 212 எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிஞ்ச கணக்கு. லிங்க்க மாத்துனா போதுமா?

கொருக்குப்பேட்டை_கேட்:
எந்த ஷீட்டு? கூகுளா, வாட்ஸ்அப்ல சுத்துற எக்செல்லா? யார் யார் கைல இருக்கு?

ராயபுரம்_மொபைல்:
இது போன்ல வைரஸ் வேலை ஜி. கல்யாண பத்திரிகைன்னு ஏபிகே ஃபைல் (தொட்டா போன்ல ஆப் ஏத்துற ஃபைல்) வருமே, அத தொட்டிருப்பீங்க. ரீசெட் அடிங்க, சரியாயிடும்.

வடசென்னை_சீனியர்:
இதே கேள்விக்கு எத்தன தடவ பதில் சொல்றது? அடக்க விலைய ஆன்லைன்ல ஏத்துறவங்க ஷேர் செட்டிங் பாக்க வேணாமா? லிங்க் இருந்தா யார் வேணா பாக்கலாம்னு விட்டுட்டு அப்புறம் அழுவுறது. முதல்ல பேசிக் கத்துக்கிட்டு வாங்க.

எம்சிரோடு_ஜவுளி:
கூகுள் ஷீட்தான் சார். கடைல மூணு வருஷம் இருந்த பையன் போட்டுக் குடுத்தான், போன மாசம் நின்னுட்டான், இப்ப நாலு கடை தள்ளி இருக்கான். பதட்டத்துல இத சொல்ல விட்டுட்டேன்.

கொருக்குப்பேட்டை_கேட்:
எந்த ஜிமெயில்ல போட்டான்?

எம்சிரோடு_ஜவுளி:
அவனுதுல.

கொருக்குப்பேட்டை_கேட்:
அப்ப லிங்க்க மாத்தி பிரயோஜனம் இல்லண்ணே, ஷீட்டுக்கு ஓனரே அவன். அவன் அழிச்சா உங்களுக்கும் போச்சு. இப்பவே உங்க ஜிமெயில்ல ஒரு காப்பி எடுங்க, புது ரேட்டு அதுல மட்டும் போடுங்க, பழசுல கை வெக்காதீங்க. யார் மாத்துனாங்கன்னு வெர்ஷன் ஹிஸ்டரில தெரியும், யார் பாத்தாங்கன்னு சாதா ஜிமெயில்ல தெரியாது, அதனால அவன்தான்னு இப்பவே முடிவு கட்டாதீங்க. வாட்ஸ்அப்ல லிங்க்ட் டிவைசஸும் பாருங்க, உங்க வாட்ஸ்அப் வேற எந்த கம்ப்யூட்டர்ல ஓடுதுன்னு காட்டும், நாலு டிவைஸ் வரைக்கும் சேத்துக்கலாம், பார்ட்டிங்ககூட பேசுறது முழுக்க அங்க ஓடிக்கினு இருக்கும்.

தண்டையார்பேட்டை_நண்பன்:
வேற கடைக்குப் போவ மாட்டேன்னு பத்திரத்துல எழுதி வாங்கிருக்கணும்.

வடசென்னை_சீனியர்:
செல்லாது தம்பி. 1872 காண்ட்ராக்ட் ஆக்ட், 27வது பிரிவு. படிச்சிட்டு பேசு.

தண்டையார்பேட்டை_நண்பன்:
அப்ப மொதலாளி வாயில விரல் வெச்சிக்கினு நிக்கணுமா?

மின்ட்_தெரு:
ரெண்டு பேரும் வேற வேற விஷயம் பேசுறீங்க. வேலைக்குப் போறத தடுக்க முடியாது, ஆனா கடை ரகசியத்த வெளிய விட மாட்டேன்னு எழுதி வாங்குனா அது நிக்கும். வியாபார ரகசியத்துக்குன்னு நம்ம நாட்டுல தனிச் சட்டம் இல்ல, 2024ல சட்ட ஆணையம் 289வது அறிக்கைல ஒண்ணு கொண்டுவரச் சொல்லிருக்கு. அனுமதியில்லாம டேட்டா எடுத்தா ஐடி ஆக்ட் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 43, 66வது பிரிவு இருக்கு, 3 வருஷம் வரைக்கும் ஜெயிலோ 5 லட்சம் வரைக்கும் அபராதமோ ரெண்டுமோ கிடைக்கலாம். ஆனா அவன் ஜிமெயில்லயே வெச்சிட்டு அனுமதி இல்லன்னு நிரூபிக்கிறது கஷ்டம்.

பழைய_கணக்குப்பிள்ளை:
எங்க காலத்துல சேலை சீட்டுல அடக்க விலைய எண்ணுல எழுத மாட்டோம். பத்து எழுத்து உள்ள ஒரு வார்த்தை, எழுத்துக்கு ஒரு எண்ணு, வார்த்தை மொதலாளி வாய்ல மட்டும். ஷீட்டுலயும் அப்படியே போடலாமே தம்பி.

ராயபுரம்_மொபைல்:
எதுக்கும் ரீசெட்டும் அடிச்சிருங்க.

எம்சிரோடு_ஜவுளி:
காப்பி எடுத்துட்டேன். அப்பா வாட்ஸ்அப்ல ரெண்டு கம்ப்யூட்டர் காட்டுச்சு, எங்க கடைல இருக்குறது ஒண்ணுதான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு ரெண்டையும் லாக் அவுட் பண்ணிட்டேன். அந்த பார்ட்டி கடைக்கு வந்துட்டார், அப்புறம் வரேன்.