புதுப்பிப்பு: டிராகன்ஸ் டாக்மா 2 – ஓய்வு, சேவ், டிராகன்ஸ்பிளேக்

இந்த வீடியோ கேம் பற்றிய முதல் பதிவில் சண்டையையும் பான்களின் (கூடவே வரும் துணைக் கதாபாத்திரங்களின்) புத்திசாலித்தனத்தையும் மட்டும் தொட்டிருந்தேன். அதன் கீழே கமெண்டில் பலரும் கேட்டது: "ஹீலிங் போட்டாலும் ஹெல்த் ஏன் முழுசா ஏறல?"

அது பக் இல்லை. அடி வாங்க வாங்க லாஸ் கேஜ் (ஹெல்த் பட்டையில் ஏற்ற முடியாமல் போகும் பகுதி) கூடி, அதிகபட்ச ஹெல்த்தே சுருங்கும். மேஜின் (மந்திரவாதியின்) ஹீலிங்கோ மூலிகையோ அதைத் தொடாது. விடுதியிலோ கூடாரத்திலோ தூங்கினால் திரும்பும். அதனால் பட்டை பாதிக்கு வந்ததும் முகாமைத் தேடுங்கள். சுற்றியிருக்கும் அரக்கர்களை முடித்துவிட்டுத்தான் கூடாரம் போட வேண்டும். இரவில் தாக்குதல் நடந்தால் கூடாரமே நாசமாகலாம்.

ஒரே சேவ்தான் என்பதால் இதையும் கவனியுங்கள்: முகாமில் தூங்குவது 'கடைசி விடுதி ஓய்வு' என்ற சேவ் பதிவை மாற்றாது. பெரிய குவெஸ்ட்டுக்கு முன் விடுதிக்கே போங்கள்.

ஆனால் விடுதிக்குப் போகும் முன் பான்களின் கண்ணைப் பாருங்கள். சிவப்பாக மின்னினாலோ, தலையைப் பிடித்துக்கொண்டாலோ, சொன்ன பேச்சைக் கேட்காவிட்டாலோ அது டிராகன்ஸ்பிளேக், பான்களுக்கு வரும் நோய். முற்றிய நிலையில் தூங்கினால் விடியும்போது ஊரில் பிணங்கள்தான். வாடகைப் பான் (மற்ற வீரர்களிடமிருந்து எடுத்தது) என்றால் அனுப்பிவிடுங்கள். சொந்தப் பான் என்றால் தூக்கி ஆழ்நீரில் எறியுங்கள் (கொடூரம்தான்). ரிஃப்ட்ஸ்டோனில் (பான்களை அழைக்கும் கல்லில்) திரும்ப அழைக்கும்போது நோய் இருக்காது.

வெர்ன்வொர்த் நகரத்தில் எஃப்.பி.எஸ். (நொடிக்கு ஓடும் ஃபிரேம்கள்) விழுவது சிபியு சுமையால். என்பிசி (கேமே இயக்கும் ஊர்மக்கள்) கூட்டம்தான் காரணம், கிராபிக்ஸைக் குறைத்துப் பெரிய பலனில்லை.