டர்ஹம் கதீட்ரல், ஏஞ்சல் சிலை: ஒரே நாளில் முடியுமா?

டைன்கரை: ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை நியூகாசிலிலிருந்து டர்ஹம் கதீட்ரலுக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன், அப்படியே ஏஞ்சல் ஆஃப் த நார்த் சிலையையும் காட்டிவிட்டால் நல்லது. கார் இல்லை. அம்மாவுக்கு மூட்டு வலி. லேத் பட்டறை வைத்திருந்த அப்பாவோ, "துருப்பிடித்த இரும்புதானே, ரயிலிலிருந்தே பார்த்துக்கலாம்" என்கிறார். இறங்கிப் பார்க்கும் அளவுக்கு ஏதாவது இருக்கிறதா?

கேட்ஸ்ஹெட்காரன்: இறங்குங்கள்! ரயிலில் பார்த்தால் திரும்புவதற்குள் போய்விடும். நியூகாசிலிலிருந்து டர்ஹம் போகும் 21ஆம் நம்பர் பஸ் சிலைக்குப் பக்கத்திலேயே நிற்கும். 20 மீட்டர் உயரம், இறக்கையின் அகலம் 54 மீட்டர் என்றெல்லாம் படித்தால் ஒன்றும் தோன்றாது, அதன் பாதத்தின் மேல் கைவைத்து அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். இறக்கைகள் 3.5 டிகிரி முன்பக்கம் சாய்ந்திருக்கும், நம்மை அணைக்க வருவது போல. காற்று பலமாக அடிக்கும், அம்மாவுக்குக் காதை மூடத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய இரும்பு: அப்பாவிடம் சொல்லுங்கள், அது கவனிக்காமல் விட்ட துரு இல்லை. செம்பு கலந்த கோர்-டென் எஃகு, மேலே படியும் துருவே உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கும், பெயின்ட் தேவையில்லை. 1998இல் ஆன்டனி கோர்ம்லி செய்தது, 200 டன். கீழே பழைய நிலக்கரிச் சுரங்கம், அதனால் சுமார் 20 மீட்டர் ஆழத்துக்குக் கான்கிரீட் இறக்கிப் பாறையோடு பிணைத்திருக்கிறார்கள்.

வியர்நதி: டர்ஹத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் டாக்ஸி பிடித்து, கதீட்ரலுக்கு முன்னால் இருக்கும் பேலஸ் கிரீன் புல்வெளிக்கே போய்விடுங்கள், இல்லாவிட்டால் கல் பாவிய மேட்டுத் தெரு, அம்மா பாவம். கோபுரத்துக்கு 325 படி, அதை நீங்கள் மட்டும் ஏறலாம். 1093இல் கட்டத் தொடங்கிய கோயில், ஒவ்வொரு தூணும் ஆலமரம் மாதிரி, சுற்றளவு 6.6 மீட்டர், உயரமும் அதே அளவு! வடக்கு வாசல் கதவில் சிங்க முகத் தட்டுவளையம் ஒன்று தொங்கும் (அது நகல்தான்). குற்றம் செய்தவன் அந்தக் காலத்தில் ஓடிவந்து அதைத் தட்டினால் 37 நாள் அடைக்கலம். அப்புறம் மேற்குப் பக்கம் தரையில் ஒரு கறுப்புப் பளிங்குக் கோடு இருக்கும், பார்க்காமல் வராதீர்கள். துறவிகள் மடமாக இருந்தபோது பெண்கள் அதைத் தாண்டக்கூடாதாம்.

டைன்கரை: எல்லோருக்கும் நன்றி. கான்கிரீட் விஷயத்தைக் கேட்டதும் அப்பா தொப்பியைத் தேட ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு போட்டோ வேண்டுமாம்.